கன உலோக நஞ்சு: ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனைக் கூடத்தில். மனித ரத்தம், சிறுநீர், குடிநீர், சில நாட்களில் மாட்டு ரத்தம், செத்த பறவையின் ஈரல் என்று எல்லாம் ஒரே கருவிக்குள்தான் போகும். முடிவு எழுதிய தாளைக் கையில் கொடுத்ததும் யாரும் உடனே கிளம்புவதில்லை. தாளைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் கேள்வி வரும். வருடக்கணக்காக அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து எது, எவ்வளவு என்பதை மருத்துவரோ கால்நடை மருத்துவரோதான் சொல்ல வேண்டும்.

1. கன உலோகம்னா என்ன? இரும்பும் கனமாத்தானே இருக்கு?

நியாயமான கேள்வி. இந்தப் பெயருக்கு வேதியியலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. நடைமுறையில் இந்தப் பேச்சு வந்தால் நான்கு பெயர்களைத்தான் சொல்கிறோம்: ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக். ஆர்சனிக் முழு உலோகம்கூட இல்லை, பாதி உலோகம். ஆனால் கெடுதலில் மற்ற மூன்றுக்கும் சளைத்ததில்லை. இவற்றோடு தாலியம், குரோமியத்தின் ஒரு கொடிய வடிவம் ஆகியவையும் அவ்வப்போது சேரும்.

இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாம் உடம்புக்கு வேண்டியவை. அளவு மீறினால்தான் நஞ்சு. அந்த நான்குக்கும் மனித உடம்பில் ஒரு வேலையும் இல்லை. இன்னொன்று, நான் ஈயம் என்று எழுதுகிற இடமெல்லாம் காரீயம். வெள்ளீயம் வேறு உலோகம். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டதால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

2. அது உள்ள போய் அப்படி என்னதான் பண்ணுது?

ஈயம் கால்சியம் மாதிரி வேஷம் போடும். கால்சியத்துக்குத் திறக்கிற வாசல்கள் ஈயத்துக்கும் திறந்துவிடும். அப்படி நரம்புக்குள் போய்ச் செய்தி கடத்துகிற வேலையைக் குழப்பும். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளைத் தயாரிக்கிற நொதிகளை முடக்கும், அதனால் ரத்தசோகை வரும். கடைசியில் எலும்பில் போய் உட்காரும். பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. பாதரசம் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும், மூளையும் சிறுநீரகமும் அடிவாங்கும். காட்மியத்தின் இருப்பிடம் சிறுநீரகம். ஆர்சனிக், செல்கள் ஆற்றல் தயாரிக்கும் இடத்தையே கெடுக்கும். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரலாம்.

இதில் முக்கியமான விஷயம் வேறு. சாராயத்தையோ மாத்திரையையோ ஈரல் உடைத்துப் போடும். உலோகம் ஒரு தனிமம், அதை உடைக்க முடியாது. ஒன்று வெளியே போக வேண்டும், இல்லையென்றால் எங்காவது தங்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதே ஈயம் எலும்பில் சேர்ந்துவிட்டால் 10 முதல் 30 வருடம். சிறுநீரகத்தில் உள்ள காட்மியமும் அப்படித்தான். மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசத்துக்குச் சுமார் 50 நாள். ஆர்சனிக் மட்டும் சில நாட்களில் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கணக்கை வைத்துத்தான்.

3. பென்சில் கையில குத்தி முனை உள்ளேயே இருக்கு. ஈய விஷம் ஏறிடுமா?

ஏறாது. பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட், அதாவது ஒரு வகைக் கரி. அதில் ஈயம் இல்லை. முனையை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்தால் போதும்.

4. நாங்க எதையும் தப்பா சாப்பிடலையே, எப்படி உள்ள போச்சு?

பெரும்பாலும் தூசி வழியாக. பழைய பெயிண்ட் உதிர்ந்த தூள், பேட்டரி உடைக்கிற இடத்து மண், சாலிடரிங் வைக்கிற மேசை, உலோகம் உருக்குகிற பட்டறை எல்லாவற்றிலிருந்தும் தூசிதான் கிளம்புகிறது. ஒருமுறை ஒரு தந்தை தன் இரண்டு வயது மகளின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வீடு புதுசு, பெயிண்ட் புதுசு, குழாயும் பிளாஸ்டிக்" என்று அடுக்கினார். பேசிக்கொண்டே கையைச் சட்டையில் துடைத்தார். சட்டையின் தோளில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு. வேலை எங்கே என்று கேட்டேன். பேட்டரி மறுசுழற்சி. வீட்டுக்குப் போனதும் மகள் ஓடிவந்து அந்தத் தோளில்தான் சாய்வாளாம். வேலை உடுப்பை வேலை இடத்திலேயே மாற்றிவிட்டு, குளித்து, காலணியை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போகச் சொன்னேன்.

மற்ற வழிகளும் உண்டு. பழைய ஈயக் குழாய், சரியாகச் சுடாத மெருகுப் பூச்சு உள்ள மண்பாண்டத்தில் வைத்த புளிப்பான உணவு, ஈயம் கலந்த கண்மை, பாதரசம் கலந்த முகவெளுப்பு கிரீம், நிறம் ஏற்ற ஈய குரோமேட் கலந்த மசாலாத் தூள். 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் ஈயம் இருந்தது தெரியவந்தது. அதில் சேர்த்த பட்டைத் தூளில்தான் கலப்படம். பெட்ரோலில் கலந்த ஈயமும் கணக்கில் உண்டு. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல்தான் அதை நிறுத்தியது. வண்டிப் புகை நின்றாலும், சாலையோர மண்ணில் விழுந்த ஈயம் அங்கேயேதான் இருக்கும். காரணம் இரண்டாம் பதிலில் சொன்னதுதான்.

5. தொட்டாலே ஏறிடுமா?

ஈயக் கட்டியைத் தொட்டால் தோல் வழியாக ஒன்றும் ஏறிவிடாது. அந்தக் கையை வாயில் வைத்தால்தான் சிக்கல். ஆனால் எல்லா உலோகச் சேர்மங்களும் இப்படி அல்ல. 1996-இல் கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியரின் கையுறை மேல் டைமெத்தில் பாதரசம் சில சொட்டுகள் சிந்தின. அந்த லேடக்ஸ் கையுறையைத் தாண்டித் தோலுக்குள் போய்விட்டது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் இறந்துபோனார். வெளியுலகில் அந்தத் திரவம் யார் கைக்கும் வராது. முகவெளுப்பு கிரீம் வரும். அதில் இருக்கும் பாதரச உப்பும் தோல் வழியாக ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிரீம் ஒட்டிய துவாலையைப் பகிர்ந்துகொள்ளும் குழந்தைக்கும் போகும்.

6. குழந்தைன்னாலே ஏன் இப்படி பயமுறுத்துறீங்க?

பயமுறுத்தவில்லை, கணக்கு அப்படி. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், சிறு குழந்தையின் உடம்பு பாதி வரை எடுத்துக்கொள்ளும். குழந்தை தரையில் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது, மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் ஏற்படும் பாதிப்பு புத்திக்கூர்மை, கவனம், நடத்தை ஆகியவற்றில் தெரியும். பெரும்பாலும் முழுமையாகத் திரும்பாது. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று யுனிசெஃப் 2020-இல் கணித்தது.

இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். கர்ப்ப காலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சிசுவுக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படும்போது, பல வருடங்களுக்கு முன் அங்கே உட்கார்ந்த ஈயமும் கூடவே கிளம்பி நஞ்சுக்கொடியைத் தாண்டும்.

7. எனக்கு ஒரு அறிகுறியும் இல்ல. எதுக்கு டெஸ்ட்?

அறிகுறி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். வருகிற அறிகுறிகளும் எதற்கு வேண்டுமானாலும் பொருந்துகிறவை: வயிற்று வலி, மலச்சிக்கல், அசதி, எரிச்சல், தூக்கமின்மை. வருடக்கணக்கில் ஈயத்தோடு புழங்கியவருக்கு மணிக்கட்டு தொங்கிப் போகலாம், ஈறில் நீலக்கோடு தெரியலாம். அதெல்லாம் பாடப்புத்தகப் படம். பெரும்பாலானவர்களுக்கு ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும். உங்கள் வேலை, உங்கள் வீடு, பக்கத்தில் உள்ள பட்டறை ஆகியவற்றை வைத்துத்தான் பரிசோதனை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

8. ஒரு லேப்ல 4.8, இன்னொரு லேப்ல 48. யார் சொல்றது சரி?

இரண்டும் சரி. முதல் தாளில் அளவு டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம், இரண்டாவதில் லிட்டருக்கு மைக்ரோகிராம். பத்து டெசிலிட்டர் ஒரு லிட்டர். எண்ணைப் பார்த்துக் கலங்குவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். என் மேசை முன்னால் நின்று அழுத பலரும் அந்தப் பொடி எழுத்தைப் படிக்காதவர்கள்தான்.

9. விரல்ல குத்தி எடுத்தப்போ 19, நரம்புல எடுத்தப்போ 3. எதை நம்பறது?

நரம்பில் எடுத்ததை. விரல் நுனியில் தூசி இருந்தால் சொட்டோடு அதுவும் சேர்ந்துவிடும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதாது, சோப்பு போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். விரல் பரிசோதனையில் அதிகம் வந்தால் நரம்பு ரத்தத்தில் உறுதிசெய்வது வழக்கம். ஆனால் 19 முழுப் பொய் என்றும் நினைக்க வேண்டாம். குழந்தையின் விரலில் அத்தனை ஈயம் இருந்தது என்றால், அந்த விரல் வாய்க்கும் போகிற விரல். வீட்டுத் தூசியைத் தேட அதுவே ஒரு காரணம்.

10. எத்தனை இருந்தா பயமில்லை?

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான எச்சரிக்கை எண் 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5. எண் இறங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். 4.9-க்கு நிம்மதி, 5.1-க்குப் பதற்றம் என்று பிரித்துக்கொள்ள வேண்டாம்.

11. தண்ணியைக் கொதிக்க வெச்சா போயிடுமா?

போகாது. கொதித்தால் ஆவியாவது தண்ணீர்தான், உலோகம் பாத்திரத்திலேயே நிற்கும். ஐந்து லிட்டர் நாலரை லிட்டர் ஆனால், அதே ஆர்சனிக் இப்போது குறைவான தண்ணீரில் இருக்கிறது. கொதிக்கவைப்பது கிருமிக்கான வைத்தியம். ஈயக் குழாய் இருந்தால், இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த தண்ணீர் வரும் குழாயிலிருந்து பிடியுங்கள். சுடுதண்ணீர் ஈயத்தை அதிகமாகக் கரைக்கும். ஈயத்துக்கென்று சோதித்துச் சான்று பெற்ற வடிகட்டியும் ஆர்ஓ கருவியும் உதவும்.

12. கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. அதுல எப்படி விஷம்?

ஆர்சனிக்குக் கலங்கல் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கைத் தடுக்கத்தான் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமி போனது. நிலத்தடிப் பாறைப் படிவிலிருந்து ஆர்சனிக் வந்தது. வருடங்கள் கழித்து உள்ளங்கை தடித்து முடிச்சு முடிச்சாக ஆனது, மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெளித்தது போலப் புள்ளிகள் வந்தன. அப்புறம்தான் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானதன் தலையில் சிவப்பும் நல்லதில் பச்சையும் பூசினார்கள். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள்கூட வேறு வேறு நிறத்தில் இருக்கும். ஆழமும் மண் அடுக்கும் மாறுவதுதான் காரணம். அதனால் பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டை வைத்து உங்கள் கிணற்றுக்குச் சான்று தர முடியாது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

13. தெர்மாமீட்டர் கடிச்சு பாதரசத்தை முழுங்கிட்டான்! என்ன பண்ண?

முதலில் வாயைப் பாருங்கள். கண்ணாடித் துண்டுதான் அவசர ஆபத்து. விழுங்கிய பாதரசத் துளி குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியே வந்துவிடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருத்துவரிடமோ நச்சு உதவி மையத்திலோ உடனே பேசுங்கள்.

நிஜமான வேலை தரையில் இருக்கிறது. சிந்திய பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சில் போகும் ஆவியில் ஐந்தில் நாலு பங்கு உடம்பில் ஏறிவிடும். குழந்தையையும் நாய் பூனையையும் வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, உள்கதவை மூடுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கையுறை போடுங்கள், தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும். டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடித்தால் ஊசிமுனை அளவுத் துளிகூட மின்னும். தடித்த அட்டையால் துளிகளை மெதுவாக ஒன்றுசேர்த்து, சொட்டுமருந்துக் குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள பாட்டிலில் விடுங்கள். மிச்சத்தை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். துடைப்பம் துளியைச் சிதறடிக்கும், வாக்குவம் கிளீனர் அதை ஆவியாக்கி அறை முழுக்க ஊதும். இரண்டும் வேண்டாம். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம்.

14. அப்போ மீன் சாப்பிடலாமா கூடாதா?

சாப்பிடலாம், மீனைப் பார்த்துச் சாப்பிடுங்கள். நீரில் கலந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதைச் சிறு உயிர் தின்னும், சிறு உயிரைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். சுறா, வாள்மீன், பெரிய சூரை போன்ற நீண்ட நாள் வாழும் வேட்டை மீன்களில் அதிகம். மத்தி, நெத்திலி போன்றவற்றில் குறைவு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் பெரிய வேட்டை மீன்களை ஒதுக்கிவிட்டுச் சின்ன மீன்களைச் சாப்பிடுவது நல்லது. மீனையே விட்டுவிடுவதும் நஷ்டம்தான். பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் தோலை உரித்தாலும் பொரித்தாலும் போகாது.

15. பல்லுல வெள்ளி அடைச்சிருக்கேன், அதுல பாதரசம் இருக்காமே. பிடுங்கிடலாமா?

இருக்கிறது, ஏறக்குறைய பாதி. கொஞ்சம் ஆவியும் வரும். ஆனால் நன்றாக இருக்கும் அடைப்பைத் துளையிட்டு எடுக்கும்போதுதான் ஒரே நேரத்தில் அதிக ஆவி கிளம்பும். பழுதில்லாததை விட்டுவிடுங்கள். புதிதாக அடைக்கும்போது வேறு பொருளைக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்தில் பாதரச அடைப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

16. காட்மியம் எனக்கு எங்கிருந்து வரப்போகுது?

சிகரெட் பிடிப்பீர்களா? புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்து இலையில் சேர்க்கும். புகைப்பவர் உடம்பில் மற்றவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்மியம் இருக்கும். புகைக்காதவர்களுக்கு உணவு வழியாக வரும். பட்டறைக்காரர்களுக்கு, பூச்சு உள்ள உலோகத்தை வெல்டிங் செய்யும் புகையிலும் வரும்.

ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு முதலில் சிறுநீரகம் கெட்டது, பிறகு எலும்பு மென்மையாகிப் போனது. இருமினால் விலா எலும்பு முறியும். நோயாளிகளில் பெரும்பாலோர் பிள்ளைபெற்ற நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள். அவர்கள் கத்திய சொல்லே நோய்க்குப் பெயரானது: இத்தாய் இத்தாய், அதாவது வலிக்குது வலிக்குது. 1968-இல்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது.

17. மாடு திடீர்னு கண்ணு தெரியாம சுவத்துல முட்டிக்கிட்டே நிக்குது. ஈயமா?

இருக்கலாம். பல்லை நறநறவென்று கடிப்பது, காது துடிப்பது, எச்சில் ஒழுகுவது, தலையைச் சுவரில் அழுத்தி நிற்பது, பார்வை போவது எல்லாம் ஈயத்தின் அடையாளங்கள். கன்றுகளுக்கு வேகமாக வரும், காலையில் செத்துக் கிடப்பதுதான் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனால் வெறிநோயும் இப்படித் தொடங்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். கால்நடை மருத்துவர் வரட்டும்.

அவர் வருவதற்குள் மேய்ச்சல் இடத்தைச் சுற்றி வாருங்கள். பழைய வண்டி பேட்டரி, பேட்டரி எரித்த சாம்பல், உதிர்ந்த பெயிண்ட், கிரீஸ் டப்பா. மாடு எதையும் நக்கிப் பார்க்கும். விழுங்கிய ஈயத் துண்டு கனமாக இருப்பதால் இரண்டாம் இரைப்பைக்குள் போய்த் தங்கிவிடும், அங்கேயே கிடந்து மெல்லக் கரையும். அதனால்தான் பேட்டரியை அப்புறப்படுத்திய பிறகும் சில மாடுகளுக்கு ரத்த அளவு மாதக்கணக்கில் இறங்காது.

18. மத்த மாடுங்க நல்லாத்தான் இருக்கு. பாலை ஊத்தலாம்ல?

சோதிக்கும்வரை ஊற்ற வேண்டாம். ஏழாவது பதிலில் மனிதருக்குச் சொன்னதேதான் இங்கேயும். ஒரு மாடு விழுந்தால் அதே இடத்தில் மேய்ந்த எல்லாவற்றின் ரத்தத்தையும் பாருங்கள். திடமாக நிற்கும் மாட்டிலும் உயர்ந்த அளவு வருவதுண்டு. ரத்தத்தில் ஏற ஏறப் பாலிலும் ஏறும். ஈரல், சிறுநீரகம், எலும்பில் இன்னும் அதிகமாகச் சேரும். கறிக்கு அனுப்புவதும் இதே காரணத்தால் கூடாது. எப்போது விற்கலாம் என்பதை ரத்த அளவைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வார்.

19. மாட்டுக்கு வாங்கின தாது உப்பைத்தான் செம்மறிக்கும் வெச்சேன். அது ஒரு தப்பா?

தப்புதான். மாட்டுக்கு வேண்டிய செம்பின் அளவு செம்மறிக்கு நஞ்சு. செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்து வைக்கும், வெளியேற்றத் தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆடு கொழுகொழுவென்றே இருக்கும். அப்புறம் ஒரு நாள் வண்டிப் பயணம், குளிர், குட்டி போடுவது என்று ஏதோ ஒரு சிரமம் வந்ததும் ஈரலில் இருந்த செம்பு மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். சிவப்பணுக்கள் உடையும், கண் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், ஓரிரு நாளில் முடிந்துவிடும். செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் துப்பாக்கிக் குழாய் நிறத்தில் இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஒன்று செத்தால் உப்புக்கட்டியை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குச் செம்பை மட்டுப்படுத்தும் மாலிப்டினம் என்ற தாதுவைக் கொடுக்கலாமா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

20. பறவையும் பூனையும் செத்தா எங்களுக்கு என்ன?

மனிதருக்கு முன்னால் அவை சொல்லிவிடும், நாம்தான் கேட்பதில்லை. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1950-களில் பூனைகள் சுழன்று ஆடிக் கடலில் விழுந்து செத்தன. ஊரார் அதை ஆட்ட நோய் என்றார்கள். 1956 மே 1-ஆம் தேதி மனித நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்த விரிகுடாவில் கழிவை விட்ட சிஸ்ஸோ வேதி ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹொசோகாவா 1959-இல் ஆலைக் கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400 என்ற எண்ணிட்ட அந்தப் பூனைக்கும் அதே ஆட்டம் வந்தது. நிறுவனம் முடிவை வெளியே விடவில்லை. பாதரசக் கழிவு 1968 வரை கடலில் கலந்தது.

ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் துறைமுக ஊரில் 2006 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பறவைகள் விழுந்தன. ஏற்றுமதிக்குக் கொண்டுவந்த ஈய கார்பனேட் தூசி ஊர் முழுக்கப் படிந்திருந்தது அதன் பிறகே தெரிந்தது, குழந்தைகளின் ரத்தத்திலும் இருந்தது. வேறு வகையிலும் பறவைகள் மாட்டிக்கொள்ளும். வாத்தும் அன்னமும் இரையை அரைக்கக் கல் விழுங்கும். ஈயத் தோட்டாக் குண்டும் தூண்டில் குண்டும் அவற்றுக்குக் கல் மாதிரிதான். அரைவைப்பை அதை அரைத்தே கரைத்துவிடும். வீட்டு நாய் வாந்தியோடு வலிப்பு வந்து விழுந்தாலும், கூண்டுக்கிளி கம்பியைக் கடித்துக் கடித்துச் சோர்ந்தாலும், அதே வீட்டில் தவழும் குழந்தைக்கும் ரத்தம் பாருங்கள்.

21. டீடாக்ஸ் ஜூஸ், கால்ல ஒட்டுற பட்டை, இதெல்லாம் உலோகத்தை இழுக்குமா?

இழுக்காது. கால் பட்டை காலையில் கறுப்பாவது வேர்வை ஈரத்தால். நல்ல உணவு வேறு விதத்தில் உதவும். இரும்பு, கால்சியம், வைட்டமின் சி போதுமான அளவு இருந்தால் குடல் ஈயத்தைக் குறைவாக எடுக்கும். உள்ளே போவதைக் குறைப்பது அவ்வளவுதான், போனதைத் திரும்ப எடுக்காது. சில "சுத்திகரிப்பு" மருந்துகளிலேயே ஈயமும் பாதரசமும் இருந்த மாதிரிகள் எங்கள் கருவிக்குள் போயிருக்கின்றன.

22. முடி டெஸ்ட் பண்ணிக்கிட்டேன், அப்புறம் ஒரு மாத்திரை குடுத்து யூரின் டெஸ்ட். ரெண்டுலயும் சிவப்புக் கோடு!

முடியில் வெளித்தூசி, ஷாம்பு, சாயம் எல்லாம் ஒட்டும். மெத்தில் பாதரசத்துக்கு முடி நல்ல சாட்சி. மற்ற உலோகங்களுக்குத் தனிநபர் சிகிச்சையை முடி வைத்து முடிவு செய்வதில்லை. உலோகத்தைப் பிடிக்கும் மருந்தைக் கொடுத்தபின் எடுக்கும் சிறுநீரில் யாருக்கும் அளவு உயரும். அதை மருந்தில்லாத மனிதரின் அளவோடு ஒப்பிட்டால் எல்லோரும் நோயாளிதான். ஆர்சனிக் பரிசோதனைக்கு முன் நாலைந்து நாள் கடல் உணவைத் தவிர்க்கவும். அதில் இருக்கும் தீங்கற்ற ஆர்சனிக் வடிவமும் மொத்த எண்ணில் சேர்ந்துவிடும்.

23. சரி, கீலேஷன் ஊசி போட்டு எல்லாத்தையும் எடுத்துடலாமே?

கீலேஷன் என்பது உலோகத்தைக் கவ்விச் சிறுநீரில் இறக்கும் மருந்து. குழந்தைக்கு ரத்த ஈயம் 45-ஐத் தொட்டால் அது உயிர் காக்கும். அதற்குக் கீழே? 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையில் மருந்து ரத்த அளவைக் குறைத்தது, ஆனால் புத்திக்கூர்மையில் பலன் தெரியவில்லை என்று 2001-இல் வெளியானது. காட்மியத்துக்கு இன்றும் நம்பத் தகுந்த கீலேஷன் இல்லை. இந்த மருந்துகள் வேண்டிய தாதுக்களையும் கவ்வும். ஈடிடிஏ என்ற கீலேஷன் மருந்தில் பெயர் ஒத்த இரண்டு வகைகள் உண்டு, அவற்றில் தவறானதைப் போட்டதால் ரத்தக் கால்சியம் இறங்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

நைஜீரியாவின் ஜம்ஃபாரா மாநிலத்தில் 2010-இல் ஈயம் கலந்த தங்கத் தாதுவை வீட்டு வளாகங்களில் அரைத்ததால் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிகிச்சைக்குப் போன எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஊர் மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மருந்து குடித்துவிட்டு அதே முற்றத்தில் தவழ்ந்தால் குழந்தை மறுபடி விழும். பகேகா என்ற ஊரின் பிள்ளைகள் மண் அகற்றப்பட 2013 வரை காத்திருந்தார்கள். கொடுமையாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

24. மருந்து முடிஞ்சு மூணே வாரத்துல அளவு மறுபடி ஏறிடுச்சு. மருந்து சரியில்லையா?

மருந்து ரத்தத்தைத்தான் துடைத்தது. எலும்பில் இருப்பது மெல்ல இறங்கி அந்தக் காலி இடத்தை நிரப்பும், அதனால் ஓரளவு ஏறுவது எதிர்பார்த்ததே. பழைய அளவைவிடக் குறைவாகவே நின்று, அடுத்தடுத்த பரிசோதனைகளில் இறங்கினால் அது எலும்புக் கணக்கு. பழைய அளவையே தொட்டாலோ தாண்டினாலோ புதிதாக உள்ளே போகிறது என்று பொருள். அப்போது மருந்துச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு நாலாவது பதிலுக்குப் போங்கள். ஜன்னல் கட்டை, கதவிடுக்கு, குழந்தை படுக்கும் இடத்தின் ஓரம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டி எடுத்து வாருங்கள். அதையும் எங்களால் சோதிக்க முடியும்.